புதிய குழுவுக்குப் பொறுமை கொடுப்போம்



1969-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘பிளைண்ட் ஃபெய்த்’ என்றொரு ராக் இசைக்குழு தோன்றியது. குருட்டு விசுவாசம் என்பது அப்பெயரின் பொருள். எரிக் கிளாப்டனும் ஜிஞ்சர் பேக்கரும் முந்தின ஆண்டு கலைந்துபோன ‘கிரீம்’ குழுவினர். ஸ்டீவ் வின்வுட் ‘டிராஃபிக்’ குழுவையும், ரிக் கிரெச் ‘ஃபேமிலி’ குழுவையும் விட்டு வந்தவர்கள். ஜூன் 7 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நடந்த முதல் கச்சேரிக்குச் சுமார் 1 லட்சம் பேர் திரண்டனர். ஆகஸ்டில் வந்த இசைத்தட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பெற்றது. அம்மாத இறுதியில் அமெரிக்கப் பயணம் முடிந்தது. குழுவின் வாழ்வும் அத்தோடு முடிந்தது.

தாலந்துக்கு அங்கே குறைவில்லை. ஆண்டவருடைய பிரசன்னத்தைப்பற்றிக் கிளாப்டன் எழுதிய பாடலை வின்வுட் பாடினார். எழுதியவர் ஒருவர், குரல் மற்றொருவருடையது. இப்படி இணையத் தெரிந்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை? காரணங்கள் பல இருக்கலாம். இரண்டு தெளிவாகத் தெரிகின்றன. ஒன்றாய்ப் பழகிப் பாடல்களைப் பெருக்கிக்கொள்ள அவர்களுக்குக் காலம் வாய்க்கவில்லை; தட்டில் இருந்தவை 6 பாடல்களே. அமெரிக்க அரங்கங்களில் கூடியவர்களோ கிரீமின் பழைய பாடல்களையே கேட்டு ஆரவாரித்தனர். குழுவினரும் இணங்கினர். மன்னாவைக் கையில் வைத்துக்கொண்டு எகிப்தின் வெள்ளரிக்காய்க்காக அழுத ஜனத்தை இது நினைப்பூட்டவில்லையா?

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல சேசிஸும் மரமும் இரும்பும் ஒரே பட்டறையில் கிடப்பதால் லாரி உருவாகிவிடாது. அளந்து, அறுத்து, பொருத்தி, முடுக்க நாட்கள் வேண்டும்.

நம் சேலம், நாமக்கல் பகுதிச் சபைகளில், வெவ்வேறு பாடற்குழுக்களில் இருந்த வாலிபர் சிலர் கிட்டாரும் டிரம்ஸுமாய் ஒரு புதிய குழுவைத் தொடங்கினால், நாம் என்ன செய்கிறோம்? இரண்டாம் ஞாயிறே, “பழைய குழுபோல இல்லையே” என்கிறோம். அவர்கள் இயற்றிய பாடலை முழுவதும் கேளாமல், நமக்குப் பழகியதைப் பாடச் சொல்லுகிறோம். கீர்த்தனைகள் நம் சுதந்தரம். அவற்றைத் தள்ளும்படி நான் சொல்லவில்லை. புதியதற்கும் ஆராதனையில் ஓர் இடம் ஒதுக்குங்கள், ஓராண்டாவது ஒப்பிடாமல் கேளுங்கள் என்கிறேன்.

வாலிபரே, பேர்பெற்ற குரல்களைச் சேர்த்துவிட்டால் குழு நிலைக்கும் என்று நம்பாதிருங்கள். அதுவே குருட்டு விசுவாசம். மேடையைத் தேடுமுன் ஒத்திகையைத் தேடுங்கள்; உன் குரலைவிட உன் அருகில் நிற்பவன் குரலைக் கவனி.

பாடுகிறவர்களுக்கு ஒருமனத்தையும், கேட்கிறவர்களுக்குப் பொறுமையையும் கர்த்தர்தாமே அருளுவாராக. ஆமென்.