இரண்டு வாட் கணக்கு

“குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட்.” நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி எங்கே நடந்தாலும் இந்த வரி வந்துவிடும். கையேட்டில் அச்சாகியிருக்கும். குஞ்சு விற்பவரும் அட்டைப்பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது மறக்காமல் சொல்வார். கூடவே இன்னொரு வசனமும் உண்டு: “தாய்க்கோழிக்குப் பதில் பல்பு.” நூறு குஞ்சா, 200 வாட், தலைக்கு மேலே தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பல வருடங்களாக இதைக் கேட்டு வருகிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. இந்தக் கணக்கை நம்பிக் கொல்லைப்புறத்தில் குஞ்சு இறக்கிய பெண்கள் முதல் வாரத்திலேயே பலவற்றைப் பறிகொடுத்துவிட்டு, “எனக்குக் கைராசி இல்லை” என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். குறை அவர்கள் கையில் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கில் இருக்கிறது. அதற்காகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் வாதம், பல்பு மலிவு. பல்பு மலிவுதான், மின்சாரம் மலிவில்லை. 200 வாட் தினம் 12 மணி நேரம் எரிந்தால் 2.4 யூனிட். நான்கு வாரத்துக்கு 67 யூனிட். இந்தச் செலவைக் கையேடு எங்கேயும் எழுதுவதில்லை.

இரண்டாவது, இரவிலும் வெளிச்சம் இருந்தால் குஞ்சு நன்றாகத் தீனி எடுக்கும். தாய்க்கோழியின் இறக்கைக்குள் என்ன வெளிச்சம் இருக்கிறது? அங்கே இருட்டில் தூங்கி, பசித்தால் வெளியே வந்து மேய்ந்து, மறுபடி உள்ளே நுழைந்துதான் குஞ்சு வளர்கிறது. ராத்திரி முழுக்க எரியும் விளக்கின் கீழ் ஓய்வு கெட்ட குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்குகின்றன. சூடு மட்டும் தந்து உள்ளே இருட்டாக இருக்கும் புரூடர்களில், அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் அமைப்புகளில், வளர்த்த முட்டைக்கோழிக் குஞ்சுகளிடம் இறகு கொத்தும் பழக்கம் குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மூன்றாவது வாதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இரண்டு வாட் என்பது விஞ்ஞானம் என்கிறார்கள். இதை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் வாரக் குஞ்சுக்கு அது படுக்கும் இடத்தில் ஏறத்தாழ 95 டிகிரி பாரன்ஹீட், அதாவது 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 பாரன்ஹீட் டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட அளவு, எனக்கும் இதில் மறுப்பில்லை. ஆனால் இந்த அளவுக்கும் வாட் கணக்குக்கும் என்ன உறவு? கரூரில் சித்திரை மாத மத்தியானம் நிழலிலேயே 39, 40 டிகிரி அடிக்கிறது. குஞ்சு கேட்பது 35. அங்கே பல்பு போடுவது உயிரோடு வாட்டுவதாகும். கோத்தகிரியில் மார்கழி இரவு பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அங்கே 25 டிகிரிக்கும் மேல் சூடு கூட்ட வேண்டும். இரண்டு ஊருக்கும், இரண்டு மாதத்துக்கும், நடுப்பகலுக்கும் நள்ளிரவுக்கும் ஒரே 200 வாட்டா? வாரக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது வாரத்தில் தேவை 85 பாரன்ஹீட், ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸ். நம் சமவெளி ஊர்களில் வருடத்தின் பெரும்பாலான நாள்களில் பகல் வெயிலே அதைத் தந்துவிடுகிறது. இரவுக்கு மட்டும் சூடு தந்தால் போதும். பகலிலும் எரியும் பல்பு யாருக்காக எரிகிறது?

எண்ணிக்கையிலும் கணக்கு உதைக்கிறது. நூறு குஞ்சு ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்தால் ஒன்றின் சூட்டில் இன்னொன்று பிழைக்கும். பத்துக் குஞ்சுக்கு அந்தக் கூட்டச் சூடு கிடையாது. தலைக்கு அதிகமாகவே தேவை. ஆனால் கணக்குப்படி பத்துக்குக் கிடைப்பது 20 வாட். வீட்டில் வளர்ப்பவர்கள் வைத்திருப்பதோ பத்து, இருபதுதான். அவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் பொய்க்கிறது. உயரத்தைப் பற்றியும் அது பேசுவதில்லை. ஒரு அடி உயரத்தில் தொங்கும் பல்பை இரண்டு அடிக்கு ஏற்றினால் கீழே விழும் சூடு ஏறத்தாழக் கால்பங்காகிவிடும். அப்படியானால் வாட்டை மட்டும் சொல்லி என்ன பயன்?

இப்போது கடைகளில் குண்டு பல்பே அரிதாகிவிட்டது. 2015-இல் எல்இடி பல்புகளைப் பரப்பும் உஜாலா திட்டம் வந்ததிலிருந்து வீடெல்லாம் எல்இடி. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது, அதனால்தான் அது குஞ்சுக்கு உதவியது. எல்இடி தரும் சூடு மிகக் குறைவு. கையேடு வாட் என்று மட்டும் சொன்னதால் 9 வாட் எல்இடி இரண்டைக் கட்டிவிட்டு, வெளிச்சம் ஜோராக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் குஞ்சுகள் மூலையில் குவிந்து, அடியில் கிடந்தவை நசுங்கிச் செத்திருக்கும். படித்ததை அப்படியே செய்தவருக்குக் கிடைத்த பரிசு இது.

வாட் எண்ணத் தெரிய வேண்டியதில்லை. குஞ்சைப் பார்த்தால் போதும். சூட்டுக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கீச்சென்று கத்தினால் குளிர்கிறது. விலகிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இறக்கையை அகட்டி நின்றால் வெக்கை தாங்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் ஊதல்காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் திரிந்தால் சூடு சரி. முக்கியமானது, சூடு வேண்டாதபோது விலகிப் போக இடம் இருக்க வேண்டும். தாயிடம் அந்த உரிமை குஞ்சுக்கு இருக்கிறது. குறுகிய தகர வளையத்துக்குள் நடுவில் பல்பைத் தொங்கவிட்டால் அந்த உரிமை போய்விடுகிறது.

நான்காவது, பல்பு பத்திரமானது. தீப்பிடித்தால் அது கட்டியவரின் கவனக்குறைவு. கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும். மேலே தென்னங்கீற்று, கீழே உமி அல்லது கடலைத்தோல், சுற்றிலும் சாக்குப் படுதா. நடுவே பிளாஸ்டிக் ஹோல்டரில், சணல் கயிற்றில் பல்பு. எலி வயரைக் கடிக்கும். கயிறு இற்றுப்போகும். தண்ணீர்த் துளி பட்டால் சுடுகண்ணாடி வெடிக்கும். உமிக்குள் விழுந்த பல்பின் சூட்டுக்கு வெளியேற வழியில்லை. ஏறிக்கொண்டே போய் உமி கனலத் தொடங்கும். இத்தனை ஆபத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டு, கட்டியவர் மேல் பழி போடுவது நியாயமே இல்லை. உடையாத பல்பு என்று விற்பவற்றில் சிலவற்றுக்கு டெஃப்லான் வகைப் பூச்சு உண்டு. சூடேறினால் அதிலிருந்து வரும் வாயு பறவைகளைக் கொல்லும். கோழிக்குஞ்சுகள் கூட்டமாகச் செத்தது பதிவாகியிருக்கிறது.

மின்சாரம் போனால் என்ன செய்வது? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. பல்பையே தாயாக நம்பிய குஞ்சுக்கு அந்த வாரங்களில் யார் இருந்தார்கள்?

ஐந்தாவது, தாயிடம் விட்டால் முட்டை போய்விடும். போகட்டும். வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும் நாட்டுக்கோழி, குஞ்சோடு திரியும் காலத்தில் ஒரு ஈட்டு முட்டை குறைந்தால் குடும்பம் நொடித்துவிடாது. அதற்கு ஈடாக அது இரவும் பகலும் சூடு தருகிறது, பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கிறது, எதைக் கொத்தித் தின்னலாம் என்று காட்டிக்கொடுக்கிறது. பத்து, பன்னிரண்டு முட்டையை அடை வைத்து 21-ஆம் நாள் பொரித்த குஞ்சுகளைத் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த நம் பாட்டிமார் வாட் எண்ணியதில்லை.

கடைசி வாதம், வேறு வழியே இல்லை. இருக்கிறது. கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மின்சாரம் எட்டாத வீடுகளுக்காக வைக்கோல் பெட்டியைப் பரப்பினார்கள். பெட்டிக்குள் சுற்றிலும் வைக்கோல் திணித்து, மேலே வைக்கோல் அடைத்த சாக்கைப் போர்த்தி, காற்றுக்கு வழிவிட்டு, இரவில் குஞ்சுகளை உள்ளே விடுவார்கள். குஞ்சுகளின் உடல்சூடே அவற்றைக் காக்கிறது. வைக்கோலுக்கும் சாக்குக்கும் நம் ஊரில் பஞ்சமா? காசு உள்ளவர்களுக்குக் கால் வைத்த சூட்டுத்தட்டு கிடைக்கிறது. மேசை போல நிற்கும். குஞ்சு அடியில் நுழைந்து முதுகை ஒட்டிக்கொள்ளும். சின்னத் தட்டு இருபது வாட் அளவில் ஓடும். வெடிக்கும் சுடுகண்ணாடி அதில் இல்லை. கரிச்சட்டியை மட்டும் மாற்றாக நினைத்துவிடக் கூடாது. அடைத்த கொட்டகையில் அதன் கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், பக்கத்தில் படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

பயிற்சி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கையேட்டை அச்சுக்கு அனுப்புமுன் இரண்டு வாட் வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் வார வாரம் தேவைப்படும் சூட்டின் அளவையும், குளிர்ந்த குஞ்சும் வெந்த குஞ்சும் எப்படி நிற்கும் என்பதற்கு இரண்டு படங்களையும் போடுங்கள். முதன்முதலாகக் குஞ்சு இறக்குகிற பெண்ணுக்கு எந்த பல்பை விடவும் அந்த ஒரு பக்கம் உதவும்.