குட்டி யானை யாருக்காக?

கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும் நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒரே நாளில் இரண்டு முறை தன் உயரத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மும்பைப் பூங்காக்களின் டிக்கெட் கவுன்டரில் வயதைக் கேட்பதில்லை. சுவரில் வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தைப் பார்க்கிறார்கள். கோட்டுக்குக் கீழே என்றால் குழந்தை டிக்கெட், மேலே என்றால் முழு டிக்கெட். எனவே செம்பூரிலிருந்து வந்த அம்மா, "கொஞ்சம் முழங்காலை மடக்கிக்கோடா கண்ணா" என்று காதோடு சொல்கிறார். உள்ளே போனதும் நிலைமை தலைகீழ். ரோலர் கோஸ்டர் வாசலிலும் ஒரு கோடு. அதைத் தொடாதவனுக்கு அனுமதியில்லை. "நல்லா நிமிர்ந்து நில்லுடா!" என்கிறார் அதே அம்மா. பையன் நுனிக்காலில் எம்பி நிற்கிறான். காவலாளி இந்த மாதிரி எத்தனையோ நுனிக்கால்களைப் பார்த்தவர். தலையை ஆட்டிவிட்டு, அதோ அங்கே போ என்று கை காட்டுகிறார்.

கை காட்டும் திசையில் பெரும்பாலும் ஒரு யானை இருக்கும். கோபோலி அருகே மும்பை-புனே விரைவுச் சாலையை ஒட்டி 2013 ஏப்ரலில் திறந்த இமேஜிகாவில் அதன் பெயர் டப்பி. பூங்காவின் சின்னமே இந்த யானைதான். நடுவில் ஒரு அச்சு, சுற்றிலும் யானைகள், ஒவ்வொன்றின் மேலும் குழந்தைகள், மெதுவாக எழும்பி ஒரு வட்டம். 1955-ல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பறக்கத் தொடங்கிய டம்போ யானைக்கு இது தூரத்துச் சொந்தம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

பூங்காக்களுக்கு இன்று ரசிகர்கள் இருக்கிறார்கள், சினிமா நடிகர்களுக்கு இருப்பதுபோல. வருடத்துக்கு நாலு தடவை போவார்கள். எந்த ராட்டினத்தில் எந்த இருக்கை உத்தமம் என்று வாதாடுவார்கள். நைட்ரோ என்ற ராட்சத ரோலர் கோஸ்டரில் தலைகீழாகத் தொங்கிவிட்டு வருகிற இவர்களிடம், குழந்தைகளுக்காக ஒரு புது ராட்டினம் வருகிறது என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கும். அந்த இடத்தில் இன்னொரு பெரிய கோஸ்டர் வைத்திருக்கலாமே, அந்தப் பணத்தில் பழைய ராட்டினத்துக்குப் பெயின்ட் அடித்திருக்கலாமே என்பார்கள். அதே ரசிகருக்குக் கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தால் கச்சேரியின் ராகமே வேறு: "குழந்தைகளுக்குன்னு இங்கே என்ன இருக்கு? ரெண்டு நிமிஷம் சுத்தி இறக்கி விட்டுடறான்."

இந்தச் சண்டை நமக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவில் இது தெருவுக்கே வந்திருக்கிறது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1971 முதல் மிஸ்டர் டோடு என்ற தேரையின் பெயரில் ஒரு ராட்டினம் இருந்தது. கட்டுக்கடங்காமல் கார் ஓட்டும் தேரை, பயணிகளையும் கூட்டிக்கொண்டு ரயிலில் மோதி, கடைசியில் நரகத்துக்கே போய்ச் சேரும். குழந்தைகளுக்கான ராட்டினத்தின் முடிவில் கொம்பு வைத்த குட்டிச் சாத்தான்கள்! அதை எடுத்துவிட்டு வின்னி த பூ என்ற சாதுவான கரடிக்கு ராட்டினம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் டீ ஷர்ட் அச்சடித்தார்கள், அஞ்சலட்டை எழுதினார்கள், பூங்காவுக்குள்ளேயே கூடி நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். பயனில்லை. 1998 செப்டம்பர் 7-ல் தேரை விடைபெற்றது. அடுத்த வருடம் கரடி வந்தது. நிர்வாகம் ஒரு குறும்பு செய்தது: புது ராட்டினத்தின் உள்ளே, தேரை தன் வீட்டுப் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைப்பதுபோல ஒரு படத்தை மாட்டி வைத்தது. போராடியவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள். கரடிக்காக வரிசையில் நின்ற குழந்தைகளுக்குத் தேரை யாரென்றே தெரியாது.

வளர்ந்தவர்களின் இந்தத் துக்கத்தைக் கேலி செய்வது சுலபம். ஆனால் டெல்லித் தமிழர்களிடம் அப்பு கர் பற்றிக் கேட்டால் கேலி வராது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான யானைக்குட்டியின் பெயரில், 1984-ல் பிரகதி மைதானத்தை ஒட்டித் திறந்த பூங்கா அது. கரோல் பாகிலிருந்தோ ராமகிருஷ்ணபுரத்திலிருந்தோ பஸ் ஏறினால் போய்விடலாம். 2008 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குத் தேவைப்பட்டது. வழக்குக்கு ஆயிரம் நியாயம் இருக்கலாம். நகரத்தின் நடுவில் குழந்தைகளுக்கென்று இருந்த இடம் போனது போனதுதான்.

மும்பையில் அந்த இடம் எப்போதுமே நடுவில் இருந்ததில்லை. 1989-ல் சுபாஷ் சந்திராவின் எஸ்ஸெல் குழுமம் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டைத் திறந்தபோது, போகும் வழியே பாதி வேடிக்கையாக இருந்தது. மாதுங்காக்காரர்கள் இசட் பாலத்தைத் தாண்டி மேற்கு ரயில் பாதைக்கு வர வேண்டும். தாராவிக்காரர்கள் மாஹிமில் ஏறுவார்கள். செம்பூர்க்காரர்களுக்கு ஹார்பர் லைனில் ஆரம்பித்து இரண்டு மாற்றம். பிறகு மலாடில் இறங்கி மார்வே, அல்லது போரிவிலியில் இறங்கிக் கோராய்த் துறை. அங்கே படகு. ரயிலில் காலை வெயிலும், படகில் மீன் வாடையும், தூக்குச் சட்டியில் புளியோதரையும் கலந்த அந்தப் பயணத்தில், ராட்டினத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே பிள்ளைகள் பாதி திருப்தி அடைந்திருப்பார்கள். கோராய், உத்தன் கிராமத்து மீனவர்களும் விவசாயிகளும் தங்கள் கரையில் பூங்காவும் சுற்றுலாவும் பெருகுவதை எதிர்த்தது வேறு கதை. படகில் போன குடும்பங்களின் காதுக்கு அது அதிகம் எட்டவில்லை.

அங்கே ஸிப்பர் டிப்பர் என்று ஒரு சின்ன ரோலர் கோஸ்டர் இருந்தது. பெரிய ரசிகர்கள் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. ஆனால் மும்பையில் வளர்ந்த ஒரு தலைமுறை முதல் முதலாக வயிற்றில் அந்த ஜிலீர் உணர்வை அனுபவித்தது அதில்தான். 1998-ல் பக்கத்திலேயே வாட்டர் கிங்டம் வந்தது. கூட்டம் தண்ணீருக்குத் தாவியது. இமேஜிகா வந்த பிறகு எஸ்ஸெல் வேர்ல்டை "சின்னப் பசங்க சமாசாரம்" என்று ஒதுக்கியவர்களும் அதே முன்னாள் சின்னப் பசங்கள்தான். 2022-ல் அது மூடப்பட்டது என்ற செய்தி வந்ததும் அவர்கள் கண்ணீர் விட்டார்கள். கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டிருந்தால் பலருக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும். பூங்காவின் பக்கத்தில், சுபாஷ் சந்திரா நன்கொடையாகத் தந்த நிலத்தில் எழுந்த விபாசனா பகோடாவின் பொன்னிறக் கோபுரம் இருக்கிறது. அதற்காகப் படகு இப்போதும் ஓடுகிறது. ராட்டினக் கூச்சலுக்குப் பக்கத்தில் மௌன தியானம் செய்வது எப்படி என்ற பழைய கேள்விக்கு இப்படி ஒரு விடை கிடைத்திருக்கிறது.

இமேஜிகாவைத் தொடங்கிய மன்மோகன் ஷெட்டி சினிமாக்காரர். 1983-ல் வந்த அர்த் சத்யா படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர். அதனால் பூங்காவில் மிஸ்டர் இந்தியா பெயரிலும் ஒரு சவாரி உண்டு. நம்ம சிவகாசிப் பக்கத்து ஸ்ரீதேவி நடித்து 1987-ல் வந்த படம். அந்தச் சவாரிக்கு இழுத்துப் போவது பெற்றோர், இழுபடுவது பிள்ளைகள். யாருக்காகக் கட்டினார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

குட்டி யானை விஷயத்துக்கு வருவோம். அது தர்மத்துக்காக வைக்கப்பட்டதல்ல. கோஸ்டர் ரசிகர் தனியாகவோ நண்பர்களோடோ வருவார், டிக்கெட் வாங்குவார், பகல் முழுதும் ஒரே ராட்டினத்தில் ஏழு முறை ஏறுவார், வடா பாவோடு திருப்தியடைவார். குடும்பம் அப்படியல்ல. நான்கு டிக்கெட், நான்கு சாப்பாடு, ஐஸ்கிரீம், தொப்பி, வெளியே வரும்போது ஒரு பொம்மை. அந்த நான்கு பேரில் மிகச் சின்னவருக்கு ஒன்றுமில்லை என்றால் நான்கு பேருமே வரமாட்டார்கள். வால்ட் டிஸ்னி இதை லாஸ் ஏஞ்சலிஸில் கிரிஃபித் பூங்காவின் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, அவர் கடலை கொறித்தபடி சும்மா உட்கார்ந்திருக்க, பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் ஏன் இல்லை என்ற எண்ணம் வந்ததாம். இமேஜிகாவின் கணக்கு அவ்வளவு சுலபமாகக் கூடி வரவில்லை. 2015-ல் பங்குச் சந்தைக்குப் போனது, கடன் ஏறியது, 2022-ல் மால்பானி குழுமத்தின் கைக்குப் போனது. இந்த நிலையில் நிர்வாகம் யானையை விடுத்து ரசிகர் கேட்கும் ராட்சதக் கோஸ்டரில் பணத்தைக் கொட்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

ஆனால் இந்த வாதமெல்லாம் கேட்டுக்கு உள்ளே நடப்பது. முழு டிக்கெட் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் இடம், பல மைல் தள்ளி, விரைவுச் சாலையில் சுங்கம் கட்டிப் போக வேண்டிய இடம். எஸ்ஸெல் வேர்ல்டாவது ரயிலும் படகுமாகப் போய்விடக்கூடிய தூரத்தில் இருந்தது. வருடம் முழுதும் சேர்த்து வைத்து, பள்ளிப் பிக்னிக் என்ற பெயரிலாவது, தாராவிப் பிள்ளை ஒரு முறை பார்த்துவிட முடிந்தது. இன்று அதே தாராவியில், விடியுமுன் இட்லி அவித்துத் தலையில் சுமந்து விற்கும் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு கோபோலி என்பது காரும் ஓட்டுநரும் வைத்திருப்பவர்களின் ஊர். குழந்தைகள் ராட்டினம் போதுமா போதாதா என்ற விவாதத்தில் அவர்களுக்கு வாக்கு கிடையாது.

அவர்களுடைய ராட்டினம் பக்கத்திலேயே இருக்கிறது, வருடத்துக்குப் பத்து நாள். டிசம்பரில் மாஹிம் தர்கா உரூஸ். 1431-ல் மறைந்த மக்தூம் அலி மாஹிமியின் அடக்கத் தலத்துக்குப் போலீஸார் முதல் சந்தனக் காணிக்கையைக் கொண்டு போவார்கள். கடற்கரை ஓரத்தில் ராட்சத ராட்டினங்கள் எழும்பும். ஒரு காலத்தில் இவற்றைச் சுற்ற மோட்டார் கிடையாது. ஆள்கள் சக்கரத்தின் கம்பியில் குரங்குபோல ஏறி, தங்கள் எடையாலேயே அதைக் கீழே இழுத்துச் சுற்றுவார்கள். குழந்தைகளுக்கு வண்ணமடித்த குதிரை, கார், விமானம். அங்கே உயரக்கோடு கிடையாது. "எக்கா, தம்பியை மடியில வச்சிக்கோ" என்பதுதான் விதி. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். மதம் எதுவானாலும் ராட்டினத்தில் கூட்டம் ஒன்றுதான்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. கோடு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இல்லை. உயரக்கோட்டைப் பார்த்து அழும் பையனுக்குத் தெரியாது, அந்தக் கம்பி பெரிய உடம்பைப் பிடித்து வைக்கத்தான் செய்யப்பட்டது, சின்ன உடம்பு அதனடியில் நழுவிவிடும் என்று. பெரிய இடங்களும் விதிவிலக்கல்ல. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து இருவர் உயிரிழந்தார்கள். 2016-ல் தாம்பரத்தை அடுத்த கிஷ்கிந்தாவில் விபத்து நடந்து ஓர் ஊழியர் மாண்டார். பூங்காவோ திருவிழாவோ, போல்ட்டை முறுக்கிப் பார்க்கும் ஆளுக்கு ஒழுங்காகச் சம்பளம் போகிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரசிகர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

2013-ல் செம்பூரிலிருந்து அதிக தூரமில்லாத காட்கோபரில் இன்னொரு விசித்திரமும் வந்தது. மெக்ஸிகோவில் 1999-ல் பிறந்த கிட்ஸானியா. பிள்ளைகள் உள்ளே போய் விமானி, சமையல்காரர், தீயணைப்பு வீரர் என்று வேலை செய்து விளையாட்டுக் காசு சம்பாதிப்பார்கள். வேலை செய்வதற்குப் பெற்றோர் டிக்கெட் வாங்க வேண்டும். சில மைல் தள்ளி, தாராவியின் தோல் பட்டறைத் தெருக்களில், பள்ளி விட்டு வந்ததும் அப்பாவுக்குக் கூடமாட உதவும் பையன் இதைக் கேட்டால் என்ன சொல்வான் என்று யாரும் போய்க் கேட்டதில்லை.

அந்தத் தெருக்களில் ராட்டினம் இல்லாமலும் இல்லை. நாலு குதிரை, அல்லது நாலு கம்பிக் கூண்டு, கையால் தள்ளும் வண்டி ஒன்றின் மேல். சாயங்காலமானால் 90 அடி சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பி நிற்கும். வண்டிக்காரர் கையாலேயே சுற்றுவார். சில்லறை வாங்கிக்கொண்டு எண்ணிச் சுற்றுவார். அழுத குழந்தைக்கு இரண்டு சுற்று அதிகம். ஆட்டோ வந்தால் நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்.

2022 நவம்பரில் தாராவியைப் புதிதாகக் கட்டும் ஏலத்தை அதானி குழுமம் வென்றது. அடுக்குமாடிகள், அகலச் சாலைகள் என்று வரைபடங்கள் வந்தன. இட்லிக் கடைக்கு எங்கே இடம், தோல் பட்டறைக்கு எங்கே இடம் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நியாயம்தான். நாலு குதிரை வண்டி வந்து நிற்கிற சந்து மூலையைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது பேச்சு வந்தால், அதைக் கேட்டது அனேகமாக உயரக்கோட்டைத் தொடாத யாரோ ஒருவராகத்தான் இருக்கும்.