ப்ளக் நுழைந்தால் மட்டும் போதுமா?

எங்கள் வையம்பட்டி, மணப்பாறை பக்கத்தில் பல வீடுகளில் ஒருவராவது சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவர் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது லேப்டாப், மானிட்டர், பிரிண்டர் என்று ஏதாவது ஒன்று கூடவே வந்து இறங்கும். பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் இப்படித்தான் வருகிறது.

பெட்டியைப் பிரித்ததும் முதல் பிரச்சினை ப்ளக். நம் சுவரில் உள்ளது வட்ட ஓட்டை, வந்திருப்பதோ தட்டையான பின். உடனே கடைக்கு ஓடி, எந்த ப்ளக்கையும் ஏற்கும் ஒரு மல்டி ப்ளக்கை வாங்கி வந்து சொருகுகிறோம். "நுழைஞ்சிருச்சு, வேலை முடிஞ்சுது" என்கிறோம். என்னைக் கேட்டால், கவனிக்க வேண்டிய வேலையே அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

முதலில் லேபிளைப் படியுங்கள்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாயிலும் ஏறக்குறைய இதேதான். எனவே அங்கிருந்து வரும் பொருட்களுக்கு ப்ளக் வடிவம் மட்டுமே பிரச்சினை. அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். அங்கிருந்து வருபவைதான் ஆபத்தானவை.

சாதனத்தின் பின்புறமோ அடாப்டரிலோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் 'இன்புட்' என்ற வரியைப் பாருங்கள். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் கவலை வேண்டாம். லேப்டாப் அடாப்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அதை நம் சுவரில் சொருகவே கூடாது. வோல்டேஜ் இரண்டு மடங்கானால் ஹீட்டர் போன்ற பாகத்தில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பிரிண்டர், ஸ்பீக்கர் செட் போன்றவற்றில் இதைக் கட்டாயம் பாருங்கள். பழைய டெஸ்க்டாப் என்றால் எஸ்.எம்.பி.எஸ். பின்னால் 115/230 என்று ஒரு சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கலாம். அது 230-ல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேபிளை மாட்டுங்கள்.

120 வோல்ட் சாதனத்துக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கலாம். ஆனால் அதன் வாட்ஸ் அளவு சாதனத்தின் தேவையை விட அதிகமாக இருக்க வேண்டும். லேசர் பிரிண்டர் உள்ளே சூடாகும்போது நிறைய மின்சாரம் இழுக்கும். அதற்கேற்ற டிரான்ஸ்பார்மர் கனமாகவும் இருக்கும், விலையும் இருக்கும். அதற்குப் பதில் பிரிண்டரையே இங்கே வாங்கிவிடலாம். வாங்கும் முன்பே லேபிளை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவது பின் எதற்கு?

நம்முடைய வட்ட பின்னும் சிங்கப்பூரின் தட்டை பின்னும் பிரிட்டனில் பிறந்தவைதான். வட்ட பின்னுக்கான பிரிட்டிஷ் தரம் 1934-ல் வந்தது. 1947-ல் அவர்கள் தட்டை பின்னுக்கு மாறினார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் அதன் பின்னே போயின, நாம் பழையதிலேயே தங்கிவிட்டோம். ஆனால் இரண்டிலும் எர்த் பின் மற்ற இரண்டையும் விட நீளமானது. மின்சாரம் வருவதற்கு முன்பே எர்த் இணைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

மலிவான பல மல்டி ப்ளக்குகளில் இந்த எர்த்தே கிடையாது. மூன்றாவது பின் பெயருக்கு இருக்கும், உள்ளே இணைப்பு இருக்காது. எர்த் இல்லாமல் கம்ப்யூட்டரை ஓட்டினால் சிபியு பெட்டியைத் தொடும்போது 'சுர்' என்று இருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள பில்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. அதுவே உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போய் பெட்டியைத் தொட்டால், மின்சாரம் தரைக்கு இறங்க உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது. எர்த் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு, இரண்டு பின் ப்ளக்கை அழுத்திச் சொருகும் பழக்கமும் வேண்டாம்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. டெஸ்க்டாப், மானிட்டர், பிரிண்டர் ஆகியவற்றின் பவர் கேபிள் பெரும்பாலும் தனியாகக் கழற்றக்கூடியது. லேப்டாப் அடாப்டரிலும் சுவரிலிருந்து வரும் கேபிள் பெரும்பாலும் கழலும். பழைய கேபிளைக் கடைக்கு எடுத்துப் போய், அதே முனை உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை கொண்ட நம் ஊர் மூன்று பின் கேபிளை வாங்குங்கள். மல்டி ப்ளக்கே தேவையில்லை. இங்கிருந்து வெளிநாடு போகிறவர்களும் அந்த ஊர் கேபிளை வாங்கிக்கொள்ளலாம்.

கேபிள் கழலாத சாதனம் என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து நம் ஊர் 6 ஆம்பியர் ப்ளக்கை மாற்றுங்கள். தட்டை பின் ப்ளக்குக்குள் கேபிளைக் காக்க ஒரு சிறிய ப்யூஸ் இருக்கும், நம் ப்ளக்கில் அது கிடையாது. எனவே அதை 16 ஆம்பியர் பவர் ப்ளக் பாயிண்டில் சொருகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. கேபிளில் எர்த் இருந்தால் போதாது, வீட்டிலும் எர்த் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி. கோடையில் மண் காய்ந்தால் எர்த் குழியும் காய்ந்து, எர்த் பலவீனமாகிவிடும். அவ்வப்போது குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்து பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிட்டால் கூடுதல் பாதுகாப்பு. ஆனால் அது எர்த்துக்கு மாற்று அல்ல.

அண்ணனோ மாமாவோ வியர்வை சிந்திச் சம்பாதித்து வாங்கி வந்த கம்ப்யூட்டருக்கு நாம் செய்ய வேண்டிய செலவு சில நூறு ரூபாய்தான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போவது உங்கள் பிள்ளைகள்.