1,200 ரூபாய்க்கு எத்தனை கும்பிடு?

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 ரூபாய். கணக்குப் போட்டால் நாளுக்கு நாற்பது ரூபாய். ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டமோ 79 வயது வரை வெறும் 200 ரூபாய்தான் தருகிறது.

இந்தச் சொற்பத் தொகைக்கும் எத்தனை நடை! இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும். பல கிராமங்களில் அவர் அலுவலகம் ஊரில் இருக்கிறது. பாட்டி காலனியில் இருக்கிறார். விண்ணப்பம் கணினிக்குப் போனது, கும்பிடு போகவில்லை.

அரசு ஊழியரின் ஓய்வூதியத்தை யாரும் இலவசம் என்பதில்லை. ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர் கேட்டால் மட்டும் அது 'இலவசம்' ஆகிவிடுகிறது. உழைப்பைத் தரம் பிரிக்கும் இந்தப் பார்வைக்குப் பெயர்தான் சாதி.

படித்த தோழர்களே, பாட்டியோடு நீங்களும் போங்கள். விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். முக்கியமாக, அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருந்தால் பாட்டியை அதில் உட்கார வையுங்கள்.