வாசலுக்கும் ஒரு பருவம் உண்டு

வட கெடாவிலுள்ள ஜித்ராவின் தாமான் குடியிருப்புகளில் தை பிறந்த பிறகும் பல வீட்டு நிலைகளில் தீபாவளிக்கு வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. தரையில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலமும் அப்படியே இருக்கிறது. செலவு மிச்சம், வேலை மிச்சம் என்கிறோம். மிச்சம்தான். ஆனால், ஆண்டு முழுவதும் பண்டிகை வேடத்திலேயே இருக்கும் வீட்டில், பண்டிகை வந்தால் புதிதாக என்ன தெரியப்போகிறது?

மலேசியாவில் பருவமே கிடையாது, எப்போதும் வெயிலும் மழையும்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். வட கெடாவுக்கு இது பொருந்தாது. தீபகற்பத்தில் வறண்ட காலம் தெளிவாகத் தெரிவது கெடாவிலும் பெர்லிசிலும்தான். ஐப்பசியில் தீபாவளி வரும்போது இங்கே மழைக்காலம். மார்கழியில் மழை விலகத் தொடங்கும். தையில் வானம் வெளுத்துவிடும். அடுத்து வரும் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும், பால் குறையும். தோட்டத்துக் குடும்பங்கள் இந்தப் பருவ மாற்றத்தைச் சம்பளத்திலேயே உணர்ந்தவை.

நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகரும். சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். நம் தீபாவளியும் பொங்கலும் அப்படி நகர்வதில்லை. தீபாவளி மழையோடு வரும், பொங்கல் வெயிலோடு வரும். ஆகவே, ஜித்ராவில் வீட்டு அலங்காரத்துக்கான இலக்கணத்தை வானமே வகுத்துத் தந்திருக்கிறது. தீபாவளிக்கு அழகு கூரைக்குக் கீழே: விளக்கு, தோரணம், துலக்கிய பித்தளை. பொங்கலுக்கு அழகு திறந்த தரையில்: கோலம், கரும்பு, அடுப்பு. இரண்டுக்கும் ஒரே தோரணத்தையும் ஒரே ஸ்டிக்கரையும் வைப்பது அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது.

தோட்டத்து லயத்து வீடுகளின் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடிய பெண்களுக்கு நாள்தோறும் நிதானமாகப் புள்ளி வைக்க நேரம் ஏது? அதனால்தான் பண்டிகை நாளின் கோலத்துக்கு அத்தனை மதிப்பு. சுவருக்குச் சுண்ணாம்பு, முற்றத்துக்குச் சாணம், வாசலுக்கு மாவிலையும் தென்னங்குருத்தும். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்காதவை. அத்தனையும் சில நாளில் வாடும், கரையும். அவற்றைக் கழற்றும்போது பண்டிகை முடிந்தது என்று வீடு அறிந்துகொள்ளும்.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. மக்கள் தாமான்களுக்கு வந்தார்கள். இங்கே முற்றம் என்பது கார் நிற்கும் இடம். மேலே கூரை, கீழே வழவழப்பான டைல்ஸ், முன்னால் இரும்பு கேட். உலர்ந்த கோலமாவு டைல்ஸில் நிற்காது. காலடி பட்டால் கலையும், காற்றடித்தால் பறக்கும். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். ஸ்டிக்கர் வந்ததற்கு இவையெல்லாம் நியாயமான காரணங்கள். சோம்பல் என்று யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் இதற்கு வழி நம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்து, நீர்க்கக் கரைத்து, சின்னத் துணித்துண்டை அதில் நனைத்துப் பிடித்தால் மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். போடும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காயக் காய வெளுத்துத் துலங்கும். டைல்ஸிலும் சிமெண்டிலும் அது பிடித்து நிற்கும். தை மாதக் காற்றில் விரைவாகக் காயும். வேண்டாதபோது ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மாக்கோலத்தைப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அரைப்பது ஒருவர், இழைப்பது ஒருவர், காலையில் கழுவுவது இன்னொருவர் என்று வீடே பங்குபோட வேண்டிய வேலை இது.

நம் அண்டை வீடுகளைப் பாருங்கள். சீனக் குடும்பங்கள் வாசலின் இருபுறமும் ஒட்டும் சிவப்புத் தாள் வாசகங்களைப் புத்தாண்டுதோறும் புதுப்பிக்கின்றன. மலாய்க் குடும்பங்கள் ரமலானின் கடைசி நாள்களில் பெலித்தா விளக்குகளை ஏற்றுகின்றன. பெருநாளுக்குத் தென்னங்குருத்தில் கெத்துப்பாட் பின்னுகின்றன. தொலைவில் ஜப்பானியர்கள் புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் பைனையும் மூங்கிலையும் ஜனவரி நடுப்பகுதிக்குள் எடுத்துவிடுகிறார்கள். ஏற்றும் நாளும் இறக்கும் நாளும் குறித்திருப்பதால்தான் அவை பண்டிகையின் அடையாளமாக நிலைக்கின்றன. நமக்கும் இதற்கென்றே போகி இருக்கிறது. பழையதைக் கழிக்கும் அந்த நாளில் நைந்த பிளாஸ்டிக் தோரணத்தைக் கழற்றுவதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை. கழற்றுங்கள், எரிக்காதீர்கள்.

பேரங்காடிகளில் தீபாவளிதோறும் வண்ண அரிசியால் போடும் பெரிய கோலங்கள் மலேசியத் தமிழரின் பெருமை. அவற்றைப் படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அந்தக் கலை பேரங்காடியில் மட்டும் வாழ்ந்தால் அது காட்சிப் பொருள். வாசலில் வாழ்ந்தால்தான் வழக்கம்.

கெடாவுக்கு இன்னொரு பேறும் உண்டு. முடா பாசனத் திட்டத்தின் அணைகளால் 1970-இல் இருபோகம் தொடங்கிய சுமார் 96,000 ஹெக்டேர் வயல்வெளி இந்தப் பகுதியில் பரந்து கிடக்கிறது. நம் முன்னோர் வந்தது ரப்பர் வெட்ட. இங்கே நெல் விளைவிப்போர் பெரும்பாலும் மலாய் விவசாயிகள். ஆயினும் நாம் அறுவடைத் திருநாள் கொண்டாடும் தையை ஒட்டித்தான் அவர்களின் இரண்டாம் போகமும் முற்றி அறுவடைக்கு வருகிறது. கோலாலம்பூர் அடுக்கு மாடியில் பொங்கல் வைப்பவருக்குக் கிட்டாத பொருள் ஜித்ராவில் பொங்கல் வைப்பவருக்குக் கண்ணெதிரே இருக்கிறது. இரண்டு நெற்கதிர்களைக் கேட்டு வாங்கி நிலையில் செருகினால், அந்த நன்றி நிலத்துக்கும் போகும், உழைத்த அண்டை வீட்டாருக்கும் போகும்.

வரும் பொங்கலுக்கு ஒன்று செய்வோம். போகியன்று பழைய தோரணத்தை இறக்குவோம். இரவில் பிள்ளைகளோடு அமர்ந்து மாவிலை கோப்போம். விடியலில் கேட்டைத் திறந்து, வாசலில் மாக்கோலம் போடுவோம். பக்கத்து வீட்டுக் குழந்தை எந்த இனமானாலும் அதன் கையிலும் ஒரு துணித்துண்டைக் கொடுப்போம். தாமானில் பத்து வீடுகள் இப்படிச் செய்தால் போதும்; அடுத்த தலைமுறை கோலத்தைக் கடையில் தேடாது.