எந்தக் கணக்கிலிருந்து?

தேர்தல் வாக்குறுதிகள் நம் தெருவுக்கு எப்படி வருகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஊர்த்தெருக்களைச் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காலனிப் பக்கம் திரும்பும். மாதம் இவ்வளவு ரூபாய், ஆண்டுக்கு இத்தனை சிலிண்டர், கடன் தள்ளுபடி என்று தொகைகள் வாசிக்கப்படும். அந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப்படும் என்பது மட்டும் துண்டறிக்கையில் இருக்காது. அதைக் கேட்பது பொருளாதாரப் பேராசிரியர்களின் வேலை என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் கணக்கு உதைக்கும்போது முதல் அடி விழுவது நமக்காக ஒதுக்கிய நிதியில்தான். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏழைக்குக் கொடுப்பதெல்லாம் வீண் செலவு என்று பேசும் கூட்டத்தில் நாம் இல்லை. களையெடுக்கப் போகும் பெண்ணின் கையில் மாதம் 1,000 ரூபாய் நிச்சயமாக வருகிறது என்றால், அவள் பண்ணைக்காரரிடம் முன்பணம் கேட்டு நிற்பது குறையும். அதை ‘இலவசம்’ என்று இகழ்பவர்கள் 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளுக்கான வருமான வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தபோது அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் போகும் என்று நிதியமைச்சரே அறிவித்தார். அதற்குப் பெயர் ‘ஊக்கம்’. கொடுப்பதில் நமக்குச் சண்டை இல்லை. எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

பள்ளிப் பிள்ளைகள்கூடப் போடக்கூடிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 2021 சட்டமன்றத் தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றது தி.மு.க.; 1,500 என்றது அ.தி.மு.க. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.2 கோடி ரேஷன் அட்டைகள். அட்டைக்கு ஒருவர் என்று வைத்தால், 1,000 ரூபாய்க்கு ஆண்டுச் செலவு 26,400 கோடி. 1,500 ரூபாய்க்கு 39,600 கோடி. இந்தப் பெருக்கல் எந்தக் கட்சியின் மேடையிலும் நடக்கவில்லை. ஆட்சிக்கு வந்த பிறகுதான் நடந்தது. பதவியேற்று 28 மாதம் கழித்து, 2023 செப்டம்பர் 15-இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம், நன்செய் 5 ஏக்கர், மின்சாரம் 3,600 யூனிட் என்று வரம்புகள் வந்திருந்தன. ஏறத்தாழ 1.63 கோடிப் பேர் விண்ணப்பித்து 1.06 கோடிப் பேர் தேர்வானார்கள். வரம்பு வைத்தது தவறென்று நாம் சொல்லவில்லை. வசதியுள்ளவர் வீட்டுக்கு அது தேவையில்லை. ஆனால் வரம்பு பற்றிய பேச்சு தேர்தலுக்கு முன்னால் எழவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2025-26 பட்ஜெட்டில் இதற்கு ஒதுக்கியது 13,807 கோடி. மாதம் 1,000 என்பதை யாராவது 2,000 என்று அறிவித்தால், கூடுதலாக இன்னொரு 13,807 கோடி வேண்டும். கட்சிகள் தொகையை ஏலம் விடுவதுபோல ஏற்றுகின்றன. ஏலத்தில் கேட்பவர் தன் பணத்தைக் கட்ட வேண்டும். இங்கே அந்த நிபந்தனைகூட இல்லை.

இனி வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். அதே 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாட்டின் வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. நூறு ரூபாய் வரும் வீட்டில் நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்க்கு மேல் செலவு. பற்றாக்குறை 41,635 கோடி. இது அணை கட்டவோ பாலம் போடவோ வாங்கிய கடன் அல்ல. அன்றாடச் செலவுக்கே போதாத பணம். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது மாநிலக் கடன் 5.70 லட்சம் கோடி. குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று கணக்குச் சொன்னார்கள். 2026 மார்ச் முடிவில் 9.29 லட்சம் கோடியாக இருக்கும் என்பது பட்ஜெட் மதிப்பீடு. முந்தைய ஆட்சியைக் குற்றஞ்சாட்ட அறிக்கை வந்தது. பிறகும் எண் ஏறத்தான் செய்தது. ஆட்சி மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வரியைக் குறைப்போம் என்று சொல்வதிலும் இதே கதைதான். ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்த பிறகு பெரும்பாலான பொருள்களின் வரியை ஒரு மாநிலம் தனியாகக் குறைக்க முடியாது. மாநிலத்தின் கையில் மிஞ்சியிருப்பவற்றில் பெரியவை பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி. 2021-இல் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்போம் என்று தி.மு.க. அறிக்கை சொன்னது. ஆட்சிக்கு வந்ததும் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். அதற்கே ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்றார்கள். டீசல் வாக்குறுதி அப்படியே நின்றது. 2016 தேர்தலில் மதுவிலக்கு பற்றி எல்லாரும் பேசினார்கள். தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது, அ.தி.மு.க. படிப்படியாக என்றது. 2024-25-இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடியைத் தாண்டியது. மகளிர் உரிமைத் தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல். கணவனிடமிருந்து கடையில் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக மனைவியின் வங்கிக் கணக்குக்குத் திரும்பி வருகிறது என்று நம் ஊர்ப் பெண்கள் கேலியாகச் சொன்னால், அதில் கணக்குப் பிழை இல்லை. இந்தக் கடையை மூடுவேன் என்பவர், அந்த 48,000 கோடியை வேறு யாரிடம் வசூலிப்பேன் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னவர் எவரையும் நாம் பார்க்கவில்லை.

கணக்கு உதைக்கும்போது ஓர் அரசு மூன்று வழிகளில் சமாளிக்கலாம். வரியை ஏற்றலாம், அப்படிச் செய்தால் எதிர்ப்பு வரும். கடன் வாங்கலாம்; அதற்கும் உச்சவரம்பு உண்டு. செலவைக் குறைக்கலாம். குறைப்பது என்றால் ஊழியர் சம்பளத்தில் கைவைக்க முடியாது, ஓய்வூதியத்தில் முடியாது, வட்டியில் முடியவே முடியாது. அறிவித்த புதுத் திட்டத்திலும் முடியாது, அதற்குத்தான் சுவரொட்டி ஒட்டியிருக்கிறதே. மிஞ்சுவது சத்தம் போடாத செலவுகள். நிரப்பாமல் விட்ட ஆசிரியர் பணியிடம், தள்ளிப்போன விடுதிக் கட்டடம், போடாத சுடுகாட்டுப் பாதை. இவற்றை வெட்டினால் மறுநாள் செய்தித்தாளில் வராது.

இங்கேதான் நம் நிதி வருகிறது. 1979-80-இல் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம்தான் பின்னால் பட்டியலினத்தோர் துணைத் திட்டம் ஆனது. நம்மிடையே ‘உபதிட்டம்’ என்றால் எளிதில் புரியும். மக்கள் தொகையில் நாம் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதம் நமக்கென்றே தனியாக ஒதுக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அது 20.01 சதவீதம், பழங்குடியினர் 1.1. நூற்றாண்டுகளாக மறுக்கப்பட்டதை ஈடுகட்டும் கூடுதல் நிதி அது. எல்லாருக்கும் தரும் பொதுத் திட்டத்துக்கு அது மாற்று அல்ல. 2017-18-இல் திட்டச் செலவு, திட்டம்சாராச் செலவு என்ற பிரிவே எடுக்கப்பட்டதும், எதில் 20 சதவீதம் என்ற கேள்வியே குழம்பிப்போனது.

கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். பட்டியலினத்தோர், பழங்குடியினர் உபதிட்டத்துக்கு 2013-லேயே சட்டம் போட்ட மாநிலம் அது. 2023 மே தேர்தலில் காங்கிரஸ் ஐந்து உத்தரவாதங்கள் கொடுத்து வென்றது. சொன்னபடி நிறைவேற்றவும் செய்தது. பெண்களுக்கு மாதம் 2,000 ரூபாய் அதில் ஒன்று. 2024-25-இல் உபதிட்டத்துக்கு ஒதுக்கிய 39,121 கோடியில் 14,282 கோடி இந்த உத்தரவாதங்களுக்குப் போனது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்தப் பணம் பட்டியலின, பழங்குடிப் பயனாளிகளுக்குத்தானே போகிறது என்று அரசு வாதிட்டது. தேசியப் பட்டியலினத்தோர் ஆணையம் விளக்கம் கேட்டது. வாதம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கே பந்தி போடுகிறார்கள். மற்றவர் இலைக்குப் பொதுப் பானையிலிருந்து சோறு. நம் இலைக்கு மட்டும் நம் வீட்டு அரிசியிலிருந்து எடுத்துப் பரிமாறிவிட்டு, ‘உனக்கும்தானே போட்டோம்’ என்றால் எப்படி? மற்ற பெண்ணுக்குக் கிடைத்த 2,000 ரூபாய் கூடுதல் வரவு. நம் பெண்ணுக்குக் கிடைத்த 2,000 ரூபாய், அவள் பிள்ளையின் விடுதிக்கும் தெருவின் குடிநீர்க் குழாய்க்கும் வைத்திருந்த பணம்.

இது ஒரு கட்சியின் பழக்கம் மட்டுமல்ல. 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கே பட்டியலினத்தோர் நிதியைத் திருப்பினார்கள். அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். மகளிர் உரிமைத் தொகைக்கு உபதிட்ட நிதி எடுக்கப்படுகிறது என்ற புகார் 2023-இல் தமிழ்நாட்டிலும் எழுந்து ஆணையம் வரை போனது. 2024-இல் தமிழ்நாடும் உபதிட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் சட்டம் இருந்தும் கர்நாடகத்தில் பணம் போனது. பொதுத் திட்டத்தில் நம் பங்கை உபதிட்டக் கணக்கில் எழுதக்கூடாது என்று தெளிவாகச் சொல்லாத எந்தச் சட்டத்திலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

இப்படிப் போகும் கோடிகளின் பொருள் விளங்க வேண்டுமானால் ஒரு சின்ன எண்ணைப் பாருங்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் பள்ளி மாணவருக்கு மாத உணவுப்படி 1,000 ரூபாயாக இருந்தது. 2023-இல் 1,400 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 47 ரூபாய்க்கும் குறைவு. அதில் மூன்று வேளை. பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்தில் இந்தப் பணத்துக்கு எத்தனை இட்லி கிடைக்கும் என்பதை விடுதி மாணவர்களே சொல்லிவிடுவார்கள். 2025-இல் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப் பலகைக்கு அதிகச் செலவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணமில்லை என்ற சாக்கு செல்லாத வாக்குறுதிகளும் உண்டு. பஞ்சமி நிலம் 1892-இல் நமக்கென ஒதுக்கப்பட்டது. வேறு சமூகத்தாருக்கு விற்க முடியாது என்பது நிபந்தனை. அதை மீட்க உரிமைத் தொகையைப் போல ஆண்டுக்கு 13,000 கோடி வேண்டியதில்லை. பதிவேட்டைத் திறக்க வேண்டும், அளக்க வேண்டும், ஆக்கிரமித்தவர் யாராக இருந்தாலும் வெளியேற்ற வேண்டும். மீட்போம் என்று மேடைகளில் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. கஜானாவுக்குப் பாரமில்லாத இந்த வேலையே நகரவில்லை என்றால், நிதி நெருக்கடி என்ற சொல்லை நாம் எவ்வளவு நம்புவது?

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டு இலவசத் தொலைக்காட்சி வழக்கில், அறிக்கையில் வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று சொல்லிவிட்டு, விதிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்திடம் கூறியது. வாக்குறுதிக்கான பணத்துக்கு என்ன வழி என்பதைக் கட்சிகள் பொதுவாகவாவது குறிப்பிட வேண்டும் என்று அதன்பின் நடத்தை விதியில் சேர்த்தார்கள். 2022-இல் ஆணையம் தனிப் படிவமே போட்டுக் கேட்கப் பார்த்தது. பல கட்சிகள் எதிர்த்தன. ஒரு வகையில் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. மக்களிடம் எதைச் சொல்லலாம் என்று அதிகாரிகள் தீர்மானிக்கக் கூடாது. கேட்க வேண்டியவர்கள் வாக்காளர்களான நாம்.

கேட்பதற்கு முன் படிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளால் இது முடியும். மாநில பட்ஜெட் ஆவணங்கள் இணையத்தில் இருக்கின்றன. எந்தத் துறையின் மானியக் கோரிக்கையை எடுத்தாலும் 789 என்ற சிறு தலைப்பு எண்ணைத் தேடுங்கள். அதுதான் பட்டியலினத்தோர் உபதிட்டக் கணக்கு. பழங்குடியினருக்கு 796. அங்கே என்ன திட்டத்தின் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நமக்கென்றே போட்ட திட்டமா, எல்லாருக்கும் போடும் திட்டத்தின் துண்டா? பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, மெய்க் கணக்கு என்று எண்கள் இருக்கும். முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி, தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டுங்கள். கிராம சபைக் கூட்டத்தில் தாட்கோ, விடுதி, சாலை என்று தனித்தனியாகக் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போடலாம். அடுத்து வாக்குக் கேட்டு வண்டி வரும்போது, தொகையைச் சொல்லி முடித்ததும் வேட்பாளரிடம் அந்தத் தாளை நீட்டி, இது 789-இல் இருந்தா, பொதுக் கணக்கிலிருந்தா என்று கேளுங்கள்.