சுற்றுலாப் பேருந்தில் இடமில்லாத பிள்ளைகள்

குளிர்காலம் தொடங்கிவிட்டால் டெல்லி செங்கோட்டையின் முன் பள்ளிப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும். சீருடை அணிந்த பிள்ளைகள் ஆசிரியரின் பின்னால் இருவர் இருவராக உள்ளே செல்வர். அங்கிருந்து யமுனையைக் கடந்தால் சில கிலோமீட்டர் தொலைவில் சீலம்பூர். துணி தைத்தும் பழைய மின்கருவிகளைப் பிரித்தும் பிழைக்கும் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி. இத்தகைய பகுதிகளில் பள்ளியிலிருந்து நின்று, திறந்தநிலைப் பள்ளியில் பெயரைப் பதிந்து, வீட்டிலிருந்தபடியே பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கோட்டைக்கு அழைத்துச் செல்ல எந்தப் பேருந்தும் வருவதில்லை.

வீட்டிலிருந்து படிப்போர் என்றதும் பெங்களூரு, புனே போன்ற நகரங்களின் வசதி படைத்த குடும்பங்களே பொதுவெளியில் பேசப்படுகின்றன. பள்ளிமுறையில் நம்பிக்கை இழந்து, தாமே பாடம் சொல்லிக் கொடுக்க முடிவெடுத்த பெற்றோர் அவர்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வேன் அமர்த்திக் கொள்கின்றன. வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கின்றன. செலவைப் பங்கிட்டுக் கொள்கின்றன. அது அவர்களின் விருப்பம், அவர்களின் பணம். ஆனால் இன்னொரு வகைப் பிள்ளைகள் வீட்டில் இருப்பது விருப்பத்தால் அல்ல. தேசிய திறந்தநிலைப் பள்ளி 1989இல் தொடங்கப்பட்டபோது, முறைசார்ந்த பள்ளிக்கு வர இயலாதவர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்வதே நோக்கமாகச் சொல்லப்பட்டது. நடைமுறையில், முறைசார்ந்த பள்ளி கைவிட்டவர்களின் புகலிடமாகவும் அது மாறியிருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் தோற்றவர்களைத் திறந்தநிலைப் பள்ளிக்கும் அஞ்சல்வழிப் பள்ளிக்கும் மாற்றிவிடும் வழக்கம் டெல்லி அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக விமர்சிக்கப்பட்டு வருகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தையடுத்து, 5, 8ஆம் வகுப்புகளில் மாணவர்களைத் தேக்கி வைக்கும் முறையை 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு தன் பள்ளிகளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இனி வெளியே தள்ளப்படுவோர் பெருகுவர்.

இப்பிள்ளைகளுக்குத் தேர்வெழுத வழி இருக்கிறது, பாடநூல் கிடைக்கிறது. பள்ளி தரும் மற்றவை கிடைப்பதில்லை. களப்பயணம் அவற்றுள் முதன்மையானது. அதை ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், 'பரிப்ரமண்' எனும் களப்பயணத்தைப் பாடத்தின் அங்கமாகவே வைத்திருந்தது. பிள்ளைகள் வயலுக்கும் ஓடைக்கும் நடந்தே சென்று இலைகளையும் பூச்சிகளையும் மண்ணையும் ஆராய்ந்தனர். அரசுப் பள்ளி ஆசிரியர்களே அழைத்துச் சென்றனர். செலவென்று சொல்ல அதிகமில்லை. மாநிலம் முழுவதும் பரவியிருக்க வேண்டிய அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பதே 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் முதற்கோட்பாடு. இப்போதைய தேசியக் கல்விக் கொள்கையும் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குப் பத்து 'பையில்லா நாட்கள்' பற்றிப் பேசுகிறது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பையில்லா நாள் எது?

பணத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இந்த விதி பிள்ளையின் வயதைப் பார்க்கிறது. பள்ளியின் பெயரைக் கேட்பதில்லை. ரயில்வேயின் விதியோ வேறு. கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கு 50 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 75 விழுக்காடும் கட்டணச் சலுகை உண்டு. ஆண்டுக்கொரு முறை சுற்றுலா செல்லும் கிராமப்புற அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் 75 விழுக்காடு. மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலரின் சலுகைகளை 2020 மார்ச்சில் ரயில்வே பறித்தபோது மாணவர் சலுகை தப்பியது. ஆனால் அதைப் பெற அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தின் தலைவர் சான்றளிக்க வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளைக்குச் சான்றளிக்கத் தலைமையாசிரியர் எங்கே இருக்கிறார்? சலுகை பிள்ளைக்கு உரியதா, பள்ளிக்கு உரியதா என்பதே இங்குள்ள கேள்வி.

நகருக்குள்ளேயே செல்வதானாலும் உடன் செல்லும் தாயின் ஒருநாள் கூலி போகிறது. செங்கோட்டைக்குப் பிள்ளை இலவசமாக நுழையலாம்; அன்றைய அடுப்பு எரிவதற்கு யார் பொறுப்பு? 2019 அக்டோபரில் டெல்லி நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது இத்தகைய குடும்பங்களுக்குப் பெரிய உதவியாயிற்று. பொதுச்சேவை விரியுமிடத்தில்தான் ஏழைப் பிள்ளையின் உலகமும் விரிகிறது.

இணையவழிக் கல்வி இக்குறையை ஈடுசெய்யும் என்கிறார்கள். 2021 ஆகஸ்டில் திறந்தநிலைப் பள்ளியின் மெய்நிகர் பள்ளியும் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன் 2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இணைய வசதி இருந்த கிராமப்புறக் குடும்பங்கள் ஏறத்தாழ 15 விழுக்காடே. அதன்பின் கைப்பேசி பரவியிருக்கலாம். ஆயினும் வீட்டில் உள்ள ஒரே கைப்பேசி தந்தையோடு வேலைக்குப் போய்விடுகிறது. வசதியுள்ள பிள்ளைக்கு உண்மையான கோட்டை, இல்லாத பிள்ளைக்குக் கைப்பேசித் திரையில் கோட்டை என்ற பிரிவினையை ஏற்க முடியாது.

இதைவிடக் கவலைதரும் ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதை அனுமதிக்கிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளி நேரம் எது? தையல் இயந்திரத்தின் அருகிலேயே பாடநூல் திறந்து கிடக்கும் வீட்டில் படிப்புக்கும் வேலைக்கும் இடையே சுவர் இல்லை. மாதம் ஒருநாள் அப்பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் ஏற்பாடு, அவன் எப்படி இருக்கிறான் என்று சமூகம் பார்க்கும் நாளாகவும் அமையும்.

இவர்களுக்கு வசதிகளைக் கோரினால் அரசுப் பள்ளியிலிருந்து வெளியேறுவதை ஊக்குவித்ததாகாதா என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அருகமைப் பொதுப்பள்ளி, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பள்ளி என்பதே இடதுசாரிகளின் கோரிக்கை, அதில் மாற்றமில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எந்தச் செலவையும் பிள்ளையின் மீது சுமத்தக் கூடாது என்கிறது. அந்த உரிமை அருகமைப் பள்ளியோடும் 14 வயதோடும் நின்றுவிடுகிறது. அதை 18 வயதுவரை விரிக்கப் போராடும்போதே, அரசின் தவறால் வெளியே நிற்கும் பிள்ளையை நாமும் வெளியே நிறுத்திவிடக் கூடாது. அரசுப் பள்ளியின் சுற்றுலாப் பேருந்தில் அப்பகுதித் திறந்தநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தால், அவர்கள் பள்ளிக்குத் திரும்பவும் அதுவே வழியாகலாம்.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. திறந்தநிலைப் பள்ளியின் படிப்பு மையங்களுக்குக் களப்பயண நிதி ஒதுக்கப்பட வேண்டும். ரயில் சலுகைச் சான்றில் கையொப்பமிடும் அதிகாரம் மையப் பொறுப்பாளருக்கு வழங்கப்பட வேண்டும். உடன் செல்லும் தாய்க்கோ தந்தைக்கோ அன்றைய கூலி ஈடுசெய்யப்பட வேண்டும். பிஎம் ஸ்ரீ திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காகத் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகியவற்றுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியை நிறுத்தி வைத்த ஒன்றிய அரசு இவற்றைத் தானாகச் செய்யாது; போராடித்தான் பெற வேண்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரு பகுதியில் உள்ள வாலிபர், மாதர், ஆசிரியர் அமைப்புகள் சேர்ந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு இருபது பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துச் செல்ல முடியும். பேருந்துக் கட்டணம், மதிய உணவு, குடிநீர் தவிரப் பெரிய செலவு இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வரலாற்றைச் சொல்வார். 1858இல் பகதூர்ஷா ஜாபர் விசாரிக்கப்பட்டதும், 1945இல் இந்திய தேசிய ராணுவ வீரர்கள் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டதும் அந்தச் செங்கோட்டையில்தான். முகலாய அரசவை பற்றிய பாடத்தை 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து என்சிஇஆர்டி நீக்கிவிட்டது. கோட்டை அங்கேயே நிற்கிறது. சீலம்பூர்ப் பிள்ளையும் அதைப் பார்க்க வேண்டும்.